பே ஏரியாவின் திறந்தவெளிக் காப்பகங்களில் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தெற்கிலும் மேற்கிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் யோசமிட்டிக்கும் லேக் டாஹோவுக்கும் மாதக்கணக்கில் திட்டமிட்டுப் போகின்றன. கூப்பர்டினோவிலிருந்தோ லாஸ் ஆல்டோஸிலிருந்தோ அரைமணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய மலைத்தொடரோ, அலுவலகச் சன்னலில் தெரியும் பின்னணியாகவே அவர்களுக்கு நின்றுவிடுகிறது. புதிதாகக் குடிவந்தவர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை வார இறுதியில் எங்கே அழைத்துச் செல்வது என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஒரே மலையை வெவ்வேறு பருவங்களில், விவரம் தெரிந்த ஒருவருடன் மெதுவாக நடந்து பார்ப்பது, பத்து மலையுச்சிகளில் நின்று படம் எடுத்துக்கொள்வதைவிட மேலானது என்பது இதை எழுதுபவரின் கருத்து. விடைகளிலும் அந்தச் சாய்வு தெரியும்.

திறந்தவெளிக் காப்பகம் என்பது என்ன? பூங்காவுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

ஊர்ப் பூங்கா மனிதர்களின் பொழுதுபோக்குக்காக அமைக்கப்படுவது. புல்தரை, ஊஞ்சல், பந்தாடும் இடம் எல்லாம் அதில் இருக்கும். திறந்தவெளிக் காப்பகமோ, நிலத்தைக் கட்டடங்களிடமிருந்து காப்பாற்றி அதன் இயல்பிலேயே விட்டுவைப்பதற்காக வாங்கப்பட்டது. அதில் நடக்க நமக்கும் அனுமதி உண்டு என்ற அளவில்தான் நம் இடம். ஆகவே பெரும்பாலான காப்பகங்களில் ஒரு வண்டி நிறுத்துமிடம், ஒரு வரைபடப் பலகை, ஒரு கழிப்பறை ஆகியவற்றைத் தவிர வேறு வசதிகளை எதிர்பார்க்க வேண்டாம். பல இடங்களில் குடிநீர்க் குழாய்கூடக் கிடையாது.

இவற்றில் பெரும்பகுதியை நிர்வகிப்பது மிட்பெனின்சுலா பிராந்தியத் திறந்தவெளி மாவட்டம். எல்லோரும் சுருக்கமாக ‘மிட்பென்’ என்பார்கள். பழத்தோட்டங்கள் வீடுகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறிக்கொண்டிருந்த காலத்தில், 1972 நவம்பரில், சாண்டா கிளாரா கவுண்டியின் வடமேற்குப் பகுதி வாக்காளர்கள் வாக்களித்து உருவாக்கிய பொது அமைப்பு இது. 1976இல் சான் மட்டேயோ கவுண்டியின் தென்பகுதியும் இதில் சேர்ந்தது. இன்று 25க்கும் மேற்பட்ட காப்பகங்களில் 70,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் இதன் பொறுப்பில் இருக்கிறது. சான் ஹோசேயின் தெற்குப் புறத்தில் இதே வேலையைச் செய்வது 1993இல் தொடங்கப்பட்ட சாண்டா கிளாரா பள்ளத்தாக்குத் திறந்தவெளி ஆணையம். விரிகுடாவின் கிழக்குக் கரையில் 1934இலிருந்து இயங்கிவரும் ஈஸ்ட் பே பிராந்தியப் பூங்கா மாவட்டம் இருக்கிறது.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

மிட்பென் காப்பகங்களில் கட்டணம் இல்லை. கவுண்டிப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் பல இடங்களில் வண்டிக்குக் கட்டணம் உண்டு என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இலவசம் என்றாலும் இதற்கான பணம் நம்மிடமிருந்துதான் போகிறது. சொத்து வரியின் ஒரு சிறு பங்கு இதற்கு ஒதுக்கப்படுகிறது. 2014 ஜூனில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமான வாக்காளர்கள் ஆதரித்ததால் 30 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் பின்னர் திறக்கப்பட்ட பல தடங்களுக்கு அந்த நிதி உதவியிருக்கிறது. வீட்டு வரிச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள், அதில் ஒரு பகுதிக்காவது ஈடாக இந்த மலைகளில் நடந்துவிட்டு வரலாம்.

வழிகாட்டியுடன் நடப்பது என்றால் என்ன? சுற்றுலா வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பதுபோலவா?

இல்லை. இங்கே வழிகாட்டுபவர்களை ‘டோசென்ட்’ என்கிறார்கள். அவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்; தாவரம், விலங்கு, நிலவியல், உள்ளூர் வரலாறு ஆகியவற்றில் முறையான பயிற்சி பெற்ற பிறகே குழுவை அழைத்துச் செல்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பொறியாளர், பறவை பார்ப்பதில் பித்துப் பிடித்தவர் என்று பலவகையானவர்களையும் அவர்களிடையே காணலாம். கட்டணம் கிடையாது, அன்பளிப்பும் எதிர்பார்ப்பதில்லை.

அமைப்பின் நிகழ்ச்சி நாட்காட்டியில் ஒவ்வொரு நடைக்கும் தூரம், ஏற்றம், நடையின் வேகம், சந்திக்கும் இடம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். வேகக் குறிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்று மைல் தூரத்தை மூன்று மணி நேரத்தில் நடக்கும் நிதானமான நடை ஒரு வகை. அதே நேரத்தில் எட்டு மைல் நடந்துவிடும் உடற்பயிற்சி நடை இன்னொரு வகை. காட்டுப்பூக்களைப் பார்க்கவென்று அறிவிக்கப்பட்ட நடையில் சேர்ந்துவிட்டு, “ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார்கள்?” என்று அலுத்துக்கொள்பவர்களை ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது பார்க்கலாம். சில நடைகளுக்கு முன்பதிவு தேவை. இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் அறிவிப்பு வந்தவுடனே பதிந்துவிடுவது நல்லது. பதிந்துவிட்டுப் போகாமலிருப்பது வேறொருவருடைய இடத்தை வீணாக்குவதாகும். வர இயலாது என்று தெரிந்தவுடன் ரத்து செய்துவிடுங்கள்.

நாமே போய் நடந்துவிட்டு வரலாமே, வழிகாட்டி எதற்கு?

தாராளமாகப் போகலாம், பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் போவோம். ஆனால் சில இடங்களில் சொல்லித் தருபவர் இல்லாவிட்டால் கண்முன் இருப்பது கண்ணுக்குப் படுவதில்லை. இதற்கு லாஸ் ட்ராங்கோஸ் காப்பகத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

பாலோ ஆல்டோவிலிருந்து பேஜ் மில் சாலையில் வளைந்து வளைந்து மேலேறினால், உச்சிக்குச் சற்று முன்னர் சாலையின் ஒருபுறம் மான்டே பெல்லோ காப்பகமும் மறுபுறம் லாஸ் ட்ராங்கோஸ் காப்பகமும் இருக்கின்றன. லாஸ் ட்ராங்கோஸில் ஒரு சிறிய சுற்றுத்தடம் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவின் மீதே போகிறது. 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் இந்தப் பிளவுதான் நகர்ந்தது. அன்று நிலம் கிழிந்த கோட்டின் வழியே மஞ்சள் பட்டை பூசிய கம்பங்களை நட்டு வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில், நேராக ஓடும் மரவேலி ஒன்று திடீரென அறுபட்டு, பக்கவாட்டில் விலகி, மறுபடியும் தொடர்கிறது. நிலம் விலகியதால் அந்நாளைய வேலிகளுக்கு நேர்ந்ததைக் காட்டுவதற்காகத் திருத்தி அமைக்கப்பட்ட வேலி அது. தனியே வருபவர்கள் பெரும்பாலும் அதைப் பழுதடைந்த வேலி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நிலவியல் தெரிந்த டோசென்ட் அங்கே நின்று தரையில் கிடக்கும் ஒரு பாறையைக் காட்டுவார். கூழாங்கற்கள் பல சேர்ந்து இறுகிய பாறை அது. அதன் மூலத் தொடர் தென்கிழக்கே 20 மைலுக்கும் அப்பால் லோமா ப்ரியேட்டா மலைப்பகுதியில் இருக்கிறது. பசிபிக் தட்டு வடமேற்காக நகர்ந்துகொண்டே இருப்பதால், பிளவின் மேற்குப் புறத்து நிலம் அந்தப் பாறையைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. சாலையைக் கடந்து மான்டே பெல்லோவின் பார்வைமேடையில் நின்றால், ஸ்டீவன்ஸ் கிரீக் ஓடும் பள்ளத்தாக்கு கோடு கிழித்ததுபோல நேராகத் தெரியும். பிளவுக்கோட்டில் நொறுங்கிய பாறை எளிதில் அரிபடுவதால்தான் பள்ளத்தாக்கு அங்கே உருவானது. கூப்பர்டினோவிலும் மவுண்டன் வியூவிலும் தினமும் பாலத்தின் மீது கடக்கும் அந்த ஓடை அங்கேதான் பிறக்கிறது.

முதல் முறை போகிறோம், குழந்தைகளும் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

கூப்பர்டினோவுக்கும் லாஸ் ஆல்டோஸுக்கும் இடையில் உள்ள ராஞ்சோ சான் அன்டோனியோ. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் சமதரையில் நடந்தால் டீர் ஹாலோ பண்ணை வந்துவிடும். ஆடு, மாடு, பன்றி, கோழி, வாத்து எல்லாம் அங்கே உண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டி தாத்தாக்களுக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம்; ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு ஆட்டைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் சொல்லித் தருவதற்கு அவர்களைவிடத் தகுதியானவர்கள் அந்தப் பண்ணையில்கூட அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். வழியில் மான்களும் காட்டு வான்கோழிகளும் வெகு அருகிலேயே மேய்வதைப் பார்க்கலாம். ஒரே குறை கூட்டம்தான். சனி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் வண்டிகள் நிரம்பிவிடுவது வழக்கம் என்பதால், விடிந்தவுடனே போய்விடுவதோ பிற்பகலுக்கு மேல் போவதோ நல்லது.

கூட்டம் வேண்டாம் என்பவர்கள் ஸ்டீவன்ஸ் கிரீக் நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள பிகெட்டி ராஞ்ச் காப்பகத்துக்குப் போகலாம். அங்குள்ள பழைய திராட்சைத் தோட்ட வளாகத்தில் மயில்கள் திரிகின்றன. கலிஃபோர்னியாவில் மயிலா என்று வியக்க வேண்டாம், கொண்டுவந்து வளர்க்கப்பட்டவைதான்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களை அழைத்துச் செல்ல முடியுமா?

முடியும், இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூரிசிமா கிரீக் ரெட்வுட்ஸ் காப்பகத்தில் ஸ்கைலைன் சாலையோரமாகவே தொடங்கும் ‘ரெட்வுட் ட்ரெயில்’ சக்கர நாற்காலிக்கும் ஏற்ற சமமான தடம், குட்டையானதும்கூட. ஓங்கி வளர்ந்த ரெட்வுட் மரங்களின் நிழலிலேயே மேசை, இருக்கை போட்டிருக்கிறார்கள். விரிகுடாவின் கரையில், ஈஸ்ட் பாலோ ஆல்டோவை ஒட்டியுள்ள ரேவன்ஸ்வுட் காப்பகம் முழுக்கச் சமதரை. குளிர்காலத்தில் கரையோரப் பறவைகள் அங்கே கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும்.

நடக்கவே இயலாதவர்களுக்கு மவுண்ட் உமுன்ஹம் என்னும் மலை இருக்கிறது. 3,486 அடி உயரம். உச்சிக்கு அருகே வரை காரிலேயே போய்விடலாம். 1980 வரை அது அமெரிக்க விமானப்படையின் ரேடார் நிலையம், பொதுமக்களுக்கு வழியில்லை. மிட்பென் அதை வாங்கி, கட்டடங்களை இடித்து, நச்சுப் பொருள்களை அகற்றி, 2017 செப்டம்பரில்தான் திறந்துவிட்டது. ரேடார் வைத்திருந்த சன்னலற்ற கான்கிரீட் கட்டடம் மட்டும் இன்னமும் நிற்கிறது. பள்ளத்தாக்கில் எங்கிருந்து பார்த்தாலும் மலைமேல் தெரியும் அந்தப் பெட்டி அதுதான். ராணுவம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த மலை இப்பகுதியின் பழங்குடிகளான ஒலோனி மக்களுக்குப் புனிதமானது. அவர்களின் படைப்புக் கதையில் தேன்சிட்டுக்கு இங்கே இடமுண்டு. அவர்கள் வழித்தோன்றல்களான அமா முட்சுன் மக்கள் சடங்கு செய்வதற்கென்று உச்சியில் ஒரு வட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது. அதை வேடிக்கை பார்க்கும் இடமாக எண்ணாமல், நம் ஊர்க் கோயிலில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி நடந்துகொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மழை பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெய்யும். ஆகவே ஊரில் நாம் பழகிய கணக்குக்கு நேர்மாறாக, இங்கே குளிர்காலத்தில்தான் மலை பசுமையாக இருக்கும். கோடையில் காய்ந்து பொன்னிறமாகிவிடும். அந்தப் பொன்னிறத்தைக் கலிஃபோர்னியாவின் அடையாளமாகச் சொல்வார்கள். ஆனால் காய்ந்து நிற்கும் புல்லில் பெரும்பகுதி ஐரோப்பியர் வருகைக்குப் பிறகு கால்நடைகளோடும் தீவனத்தோடும் வந்து பரவிய ஓராண்டுப் புல். நடந்துவிட்டு வந்து காலுறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியும் அந்த முள் விதைகளும் பெரும்பாலும் அவற்றினுடையவையே.

காட்டுப்பூக்களுக்கு மார்ச் கடைசியிலிருந்து மே வரை. ஸ்கைலைன் சாலையோரம் உள்ள ரஷ்யன் ரிட்ஜில் ஆரஞ்சு நிற கலிஃபோர்னியா பாப்பியும் நீல லூப்பினும் சரிவெங்கும் பூத்திருக்கும். கோடையில் ரெட்வுட் காடுகளுக்குப் போவது குளிர்ச்சி. அல்லது காலை பத்து மணிக்குள் நடையை முடித்துக்கொள்வது நல்லது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை காட்டுத்தீ அபாயம் மிகும். 2020இல் சாண்டா குரூஸ் மலைத்தொடரில் பரவிய தீயை மறக்க முடியாது. தீ எச்சரிக்கை நாட்களில் காப்பகம் மூடப்பட்டிருக்கலாம் என்பதால் புறப்படும் முன் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான் ஹோசே பக்கம் பட்டாம்பூச்சி நடை என்கிறார்களே, அது என்ன?

101 நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது இடப்புறம் தெரியும் வெற்று மலைமுகடுதான் கயோட்டி ரிட்ஜ். முன்பெல்லாம் வழிகாட்டியுடன் மட்டுமே போக முடிந்தது. திறந்தவெளி ஆணையம் 2023இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அங்குள்ள மண் செர்பென்டைன் என்னும் பச்சைநிறப் பாறையிலிருந்து வந்தது. சத்து குறைவு, சில உலோகங்கள் அதிகம்; ஆகவே வந்தேறிப் புற்கள் எளிதில் பிழைக்க முடியாமல், பழைய உள்ளூர்ப் பூச்செடிகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு குட்டைச் செடியைத் தின்று வளர்வதுதான் பே செக்கர்ஸ்பாட் என்னும் கட்டம்போட்ட பட்டாம்பூச்சியின் புழு. 1987 முதல் அது அழிவாய்ப்புக்கு உள்ளான இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களின் புகையிலுள்ள நைட்ரஜன் காற்றில் வந்து படிந்து, அந்தச் சத்தற்ற மண்ணுக்கு உரமாகிவிடுகிறது. உரம் கிடைத்தவுடன் வந்தேறிப் புல் ஓங்கி, பூச்செடிகளை மூடிவிடுகிறது. அதனால் மாடுகளை விட்டு மேய்க்கிறார்கள். மாடு புல்லைத் தின்பதால் பூச்செடி பிழைக்கிறது, பூச்செடியால் பட்டாம்பூச்சி பிழைக்கிறது. காப்பகத்தில் மாடு மேய்வதைப் பார்த்து, யாரோ அத்துமீறி விட்டுவிட்டார்கள் என்று நினைக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் போனால் பட்டாம்பூச்சி பறப்பதைப் பார்க்க வாய்ப்புண்டு.

பாய்சன் ஓக் என்று பயமுறுத்துகிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

தோலில் பட்டால் அரித்துக் கொப்புளம் போடும் செடி அது. பயம் தேவையில்லை, அடையாளம் தெரிந்தால் போதும். ஒரு காம்பில் மூன்று இலைகள். நடு இலைக்கு மட்டும் சற்று நீண்ட காம்பு. வசந்தத்தில் பளபளக்கும் பச்சை, கோடை முற்றும்போது அழகான சிவப்பு. புதராகவும் வளரும், மரத்தில் கொடியாகவும் ஏறும். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் அதன் பால் தோலில் பட்டால் அரித்துக் கொப்புளம் போடும் என்பதால், அடையாளம் தெரியாத குச்சிகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டு நடக்கக் கூடாது.

இது மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரிக்கொட்டையின் தோலெண்ணெய் பட்டால் கை பொத்துப்போவதையும், துணிக்குக் குறி போடப் பயன்பட்ட சேங்கொட்டையின் பால் பட்டால் புண்ணாவதையும் அறிந்தவர்களுக்கு இதன் குணம் புரியும். அதே குடும்பம், ஏறத்தாழ அதே வகை எண்ணெய். மாங்காய்ப் பால் பட்டாலே உதடு வெந்துபோகிறவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. பட்டுவிட்டது என்று தெரிந்தால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சோப்பும் குளிர்ந்த நீரும் விட்டுக் கழுவ வேண்டும். அரிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே தொடங்கும் என்பதால், தெரிந்தபின் கழுவலாம் என்று காத்திருந்தால் பயனில்லை. உடுத்திய துணியையும் காலணியையும் கழுவிவிடுங்கள். எண்ணெய் அவற்றில் நெடுநாள் தங்கும்.

உண்ணிகள்?

நம் ஊரில் மாட்டிலும் நாயிலும் பார்த்த உண்ணியின் உறவுதான். இங்கே மேற்குக் கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பக்கூடியது. குளிர்காலத்தில், முழு வளர்ச்சியடைந்த உண்ணிகள் தடத்தோரப் புல்நுனியில் காத்திருக்கும். வசந்தத்தில் கசகசா அளவே உள்ள இளம் உண்ணிகள் சருகிலும் விழுந்த மரங்களிலும் இருக்கும். ஆகவே அடிமரத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவதைவிடப் பாறையோ இருக்கையோ பாதுகாப்பு. வெளிர்நிறக் காற்சட்டை அணிந்தால் ஊர்வது தெரியும். புடவையில் நடக்கப் பழகிய அம்மாக்கள் அகன்ற தடங்களில் தாராளமாக நடக்கலாம். புல் உரசும் ஒற்றையடித் தடங்களுக்குச் சுடிதாரும் காலுறையும்தான் சரி. வீடு திரும்பியதும் குளித்து, முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். பிறகு காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

இதில் ஒரு விந்தை: வேலிக் கம்பங்களில் வெயில் காயும் நீலவயிற்று ஓணான்களை இளம் உண்ணிகள் கடித்து இரத்தம் குடிக்கும்போது, அந்த இரத்தத்திலுள்ள ஏதோ ஒரு புரதம் உண்ணியின் உடலிலிருக்கும் லைம் கிருமியைக் கொன்றுவிடுகிறது. கலிஃபோர்னியாவில் இந்த நோய் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைவிடக் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். ஓணானைக் கல்லால் அடித்து வளர்ந்த தலைமுறை நாம். இங்கே பிள்ளைகளுக்கு வேறு பாடம் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

மலைச்சிங்கம், பாம்பு எதிரே வந்தால்?

மலைச்சிங்கம் இந்த மலைகளில் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் நடப்பவர்களில் பலரும் அதைக் கண்டதே இல்லை. கண்டால் ஓடக் கூடாது. நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, உரக்கப் பேசி, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். சிறு குழந்தைகளைக் குனியாமல் தூக்கிக்கொள்ளுங்கள். தாக்கினால் திருப்பித் தாக்க வேண்டும். விடியலிலும் அந்தியிலும் தனியாகப் போவதைத் தவிர்ப்பது நல்லது.

வாலில் கிலுகிலுப்பை உள்ள ராட்டில் ஸ்நேக் வெயிலுக்காகத் தடத்தில் படுத்திருக்கும். விலகிப் போக அதற்கு இடம் விடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். அமைதியாக இருந்து 911ஐ அழைக்க வேண்டும். மலையில் பல இடங்களில் செல்பேசித் தொடர்பு கிடைக்காது. எந்தத் தடத்தில் எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போவது இதற்காகத்தான்.

கட்டுச்சோறு கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மலைக்காற்றில் இன்னும் ருசிக்கும். அடுப்பு மூட்டக் கூடாது, புகைபிடிக்கவும் கூடாது. தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

சாப்பிட்ட இடத்தில் ஒரு பருக்கைகூட விடக் கூடாது என்பது சிலருக்கு மிகையாகத் தோன்றுகிறது. “காக்கைக்குச் சோறு வைப்பது நம் வழக்கம்தானே” என்று ஒரு பெரியவர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மலைத்தொடரின் முதிய ரெட்வுட் மரங்களில் மார்பிள்ட் மர்லெட் என்னும் கடற்பறவை கூடு கட்டுகிறது. கடலில் மீன் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் உள்நாட்டுக்குப் பறந்து வந்து, கிளையின் பாசிப்படுகையில் ஒரே ஒரு முட்டையிடும் அரிய பறவை. நாம் சிந்தும் சோற்றுக்கு நீலநிற ஜேக்களும் அண்டங்காக்கைகளும் கூட்டம் சேர்ந்தால், அவை அந்த முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்றுவிடுகின்றன. வாழைப்பழத் தோலும் ஆரஞ்சுத் தோலும் மக்கிவிடும்தானே என்ற வாதமும் இதனால்தான் இங்கே செல்லாது.

காளான், கீரை, பூ பறிக்கலாமா?

மிட்பென் காப்பகங்களில் எதையும் பறிக்கவோ எடுத்துவரவோ அனுமதி இல்லை. காளானைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மழை தொடங்கியதும் ஓக் மரங்களின் அடியில் முளைக்கும் ‘டெத் கேப்’ ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே பரவியது. கல்லீரலை அழித்து உயிரைப் பறிக்கும். அதன் இளம் மொட்டு ஆசிய நாடுகளில் உண்ணும் வைக்கோல் காளானைப் போலவே இருப்பதால், ஊரில் காளான் பறித்துப் பழகிய குடியேறிகள் ஏமாந்திருக்கிறார்கள். சமைத்தாலும் நஞ்சு போகாது. ஊரில் மழைக்குப் பின் புற்றுக்காளான் பறித்த அனுபவம் இங்கே உதவாது என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாய், சைக்கிள், டிரோன்?

டிரோனுக்கு அனுமதி இல்லை. நாய்கள் சில காப்பகங்களில் மட்டும், கயிற்றோடு. ராஞ்சோ சான் அன்டோனியோவில் கிடையாது, பல்கஸ் ரிட்ஜில் கயிறின்றி விடவும் ஓரிடம் உண்டு. சைக்கிள் ஓட்டுபவர்கள் நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். குதிரைக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். குதிரை வந்தால் ஓரமாக நின்று சாதாரணக் குரலில் ஒரு வார்த்தை பேசுங்கள், அது மிரளாது.

மரமெல்லாம் துளைத்து வைத்திருக்கிறதே, அது எந்தப் பூச்சியின் வேலை?

பூச்சியன்று, ஏக்கார்ன் மரங்கொத்தி. வெள்ளை முகமும் சிவப்புக் கொண்டையுமாகக் கோமாளி வேடம் போட்டதுபோல இருக்கும். ஒரு கூட்டுக் குடும்பமே சேர்ந்து காய்ந்த மரத்தில் ஆயிரக்கணக்கில் துளையிட்டு, துளைக்கு ஒன்றாக ஓக் கொட்டையை அடித்துச் செருகிவைக்கிறது. அதுதான் அவற்றின் பத்தாயம். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கொட்டையும் அதனதன் துளைக்குள் அளவெடுத்ததுபோலப் பொருந்தியிருக்கும். கொட்டை உலர்ந்து சுருங்கித் தளரும்போது அணில் எளிதில் உருவிவிடும் என்பதால், பறவைகள் ஓயாமல் சரிபார்த்து, தளர்ந்ததை எடுத்துச் சிறிய துளைக்கு மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பத்து நிமிடம் நின்றால் இந்த வேலையைப் பார்த்துவிடலாம். ஒலோனி மக்களுக்கும் ஓக் கொட்டைதான் முதன்மை உணவு. இடித்து மாவாக்கி, நீரை மீண்டும் மீண்டும் ஊற்றித் துவர்ப்பை நீக்கிக் கஞ்சி காய்ச்சினார்கள்.

ஃப்ரீமான்டில் இருக்கிறோம். மிஷன் பீக் போதாதா?

மிஷன் பீக் நல்ல மலைதான்: 2,500 அடிக்குச் சற்று மேல், நிழலில்லாத செங்குத்தான ஏற்றம், உச்சியில் ஒரு கம்பம், அதைப் பிடித்துப் படமெடுக்க ஒரு வரிசை. கோடை நண்பகலில் தண்ணீர் போதாமல் அங்கே மயங்குபவர்கள் உண்டு. உடற்பயிற்சிக்கு அது சரி. மலையைத் தெரிந்துகொள்ள விரும்பினால், அதே ஊரில் விரிகுடாவின் கரையோரம் உள்ள கயோட்டி ஹில்ஸில் ஈஸ்ட் பே பூங்கா மாவட்டத்தின் இயற்கையியலாளர்கள் நடத்தும் நடைகளுக்குப் போகலாம். 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒலோனிக் குடியிருப்பின் சிப்பிமேடு அங்கே இருக்கிறது. வேலியிட்ட அந்த இடத்துக்கு வழிகாட்டி நிகழ்ச்சியில் சேர்ந்தால்தான் போக முடியும்.

மழை வந்தால் நடை உண்டா?

பலத்த மழையென்றால் ரத்தாகும். முன்பதிவு செய்தவர்களுக்குத் தெரிவிப்பார்கள். தூறல் என்றால் பெரும்பாலும் நடக்கும். முதல் மழைக்குப் பிறகு நியூட் எனப்படும் ஆரஞ்சு வயிற்று நீர்ப்பல்லிகள் குளங்களை நோக்கித் தடங்களைக் கடந்து செல்லும். அவற்றின் தோலில் பஃபர் மீனில் உள்ள அதே நஞ்சு இருப்பதால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். மலைச்சாலையில் காரை மெதுவாக ஓட்டுங்கள்; லெக்சிங்டன் நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலையில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆயிரக்கணக்கில் நசுங்கிச் சாகின்றன.

தமிழில் வழிகாட்டும் நடைகள் உண்டா? நாமே டோசென்ட் ஆகலாமா?

நடைகள் வழக்கமாக ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோரை அழைத்துச் சென்றால், குழுவின் பின்வரிசையில் நின்று தணிந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வரலாம். டோசென்டிடம் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டால் அவரும் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். டோசென்ட் ஆவதற்கு உயிரியல் பட்டம் தேவையில்லை. பயிற்சி வகுப்புகளுக்குத் தவறாமல் வர நேரமும், புதியவர்களிடம் பேசக் கூச்சமின்மையும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அவ்வளவு நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு, வந்தேறிச் செடிகளைப் பிடுங்குவது, தடங்களைச் சீரமைப்பது போன்ற அரைநாள் பணிகள் உண்டு. கையுறையும் கருவிகளும் அவர்களே தருவார்கள், தண்ணீரும் தொப்பியும் மட்டும் நாம் கொண்டுபோனால் போதும்.